முற்றத்துக் காகத்தை முழுமையாகப் பார்த்ததுண்டா?



அழைப்பு எதுவுமின்றி நாள்தோறும் நம் இல்லங்களுக்கு வருகை தரும் விருந்தாளி ஒருவர் உண்டு. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போது அவர் சுற்றுச்சுவரில் அமர்ந்திருப்பார். அடுப்படிச் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார். மாடியில் காயப்போட்ட வடகத்துக்கும் வற்றலுக்கும் அவரால் ஆபத்து உண்டு என்பதை இல்லத்தரசிகள் நன்கறிவர். ஆம், காகத்தைத்தான் சொல்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு சிறு வினா. வெளியே எட்டிப் பார்க்காமல் விடை சொல்ல வேண்டும். உங்கள் முற்றத்துக்கு வரும் அந்தக் காகத்தின் கழுத்து என்ன நிறம்?

எங்கள் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளிடம் இதே வினாவைக் கேட்டேன். ஏறத்தாழ எல்லாருமே ஒரே குரலில் "கறுப்பு" என்றனர். வெளியே சென்று பார்த்துவிட்டு வரச் சொன்னேன். திரும்பி வந்தவர்களின் முகத்தில் வியப்பு. "சாம்பல் நிறம்!" என்றார்கள். பிறந்த நாள் முதல் கண்முன் திரியும் ஒரு பறவை. அதன் நிறத்தையே அன்றுதான் கண்டார்கள். பிள்ளைகளைச் சொல்லிப் பயனில்லை. பெரியவர்களாகிய நம்முள்ளும் பலரின் நிலை இதுவே. ஆனால் அதே காகம் கரைந்தால் இன்னது நடக்கும், தலையில் தட்டினால் இன்னது நேரும் என்று மட்டும் நாம் உறுதியாகச் சொல்வோம். ஒன்றைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னரே அதைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொள்கிறோம். இம்மாதம் அதைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

இரண்டு காகங்கள்

மேலூர் வட்டாரத்தில் நாம் காண்பவை இருவகைக் காகங்கள். முதலாவது வீட்டுக் காகம். பேருந்து நிலையம், சந்தை, இறைச்சிக் கடை வாசல், பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடம் என்று மனிதன் எங்கே உண்கிறானோ, எங்கே மிச்சத்தை எறிகிறானோ அங்கெல்லாம் இது இருக்கும். நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். நெற்றி, உச்சி, தொண்டை, இறக்கை, வால் ஆகியவை பளபளக்கும் கறுப்பு. பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் நிறம். பழைய சாம்பல் நிறத் துண்டொன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாற்போன்ற தோற்றம்.

இரண்டாவது அண்டங்காக்கை. ஊர் எல்லையைத் தாண்டிப் பெரியாற்றுக் கால்வாய்க் கரையோரம் நடந்தால், வயல்களிலும் புளியந்தோப்புகளிலும் இதை அதிகம் காணலாம், ஊருக்குள்ளும் வரும். வீட்டுக் காகத்தைவிடப் பெரியது; ஏறத்தாழ 46 முதல் 48 சென்டிமீட்டர் இருக்கும். தலை முதல் வால் வரை முழுக் கறுப்பு. கழுத்தில் சாம்பல் இல்லை. அலகு தடித்தது, மேற்புறம் நன்கு வளைந்தது.

நிழலில் அமர்ந்திருக்கும்போது நிறம் ஏமாற்றும். வெயிலுக்கு எதிரே பறக்கும்போதும் எல்லாக் காகமும் கறுப்பாகவே தெரியும். அப்போது மூன்று அடையாளங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் அலகின் பருமன். அடுத்து எண்ணிக்கை, வீட்டுக் காகம் பெரும்பாலும் கூட்டமாக வரும், அண்டங்காக்கை தனியாகவோ இணையாகவோ வருவதே மிகுதி. மூன்றாவதாகக் குரல். வீட்டுக் காகத்தின் "கா, கா" சற்று மெலிந்தது. மூக்கால் பேசுவது போன்றது. அண்டங்காக்கையின் குரல் அடித்தொண்டையிலிருந்து கனத்து வரும். பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே இன்ன காகம் என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலப் புத்தகத்துக் காகம்

ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களில் "ஜாக்டா" என்றொரு பறவை வரும். படத்தில் அதன் பிடரி சாம்பல் நிறமாக இருப்பதைக் கண்டு, நம் வீட்டுக் காகத்துக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர் போலும் என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அது வேறு, இது வேறு. ஜாக்டா நம் காகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்றது. ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறிய உருவம், குட்டையான அலகு. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் கண்ணைப் பாருங்கள். நம் காகத்தின் கண் கருமை. ஜாக்டாவின் கண்ணோ வெளிறிய வெள்ளி நிறம். ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் அப்பறவையை நம் நாட்டில் காண வேண்டுமானால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்குத்தான் செல்ல வேண்டும். தமிழகத்தில் அது இல்லை.

"ஜாக்" என்று வெடுக்கெனக் கரைவதே அதன் பெயரில் ஒலிப்பதாகச் சொல்வார்கள். "கா" என்று கரைவதைக் கொண்டு நாம் காகம், காக்கை என்று அழைப்பது போலத்தான் அதுவும். பிற பறவைகளின் இறகுகளைச் சூடிக்கொண்டு அழகனாக நடித்து அவமானப்பட்ட காகத்தின் கதையை நாமெல்லாரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். ஈசாப்பின் கிரேக்கக் கதையில் அந்தப் பாத்திரம் ஜாக்டாதான். நம் ஊருக்கு வந்த பிறகு அது காகமாகிவிட்டது.

வகை பிரித்த முன்னோர்

"காகத்தில் போய் இத்தனை வகை பிரிக்க வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றலாம். நம் மார்க்க அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்திருக்கிறார்கள் என்பதே அதற்கு விடை.

அரபு மொழியில் காகத்துக்குக் "குராப்" என்று பெயர். இஹ்ராம் அணிந்த நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து உயிரினங்களைக் கூறும் ஹதீஸில் காகமும் இடம்பெறுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பில் "அப்கஃ", அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்த காகம், என்று வகை குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே ஃபிக்ஹுச் சட்ட வல்லுநர்கள் காகம் என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. எது பிணம் தின்னும், எது வயலில் தானியம் பொறுக்கும், எதன் உருவம் சிறியது, எதன் நிறம் என்ன என்று பகுத்தார்கள். தானியம் உண்ணும் சிறு காகத்தை "ஸாக்" என்றும் வயற்காகம் என்றும் தனியே பிரித்து, அதை உண்பது ஆகும் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் அறிஞர்கள் எழுதினார்கள். அழுகியதையும் பிணத்தையும் தின்னும் காகத்துக்கு அந்தச் சட்டம் இல்லை. இன்று "ஸாக்" எனும் அப்பெயரை ஜாக்டாவுக்கு வழங்குவாரும் உண்டு.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. ஓர் உயிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் அதை இனங்கண்டாக வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். மேலும், தீங்கு செய்வதைத் தடுக்க வழங்கப்பட்ட அனுமதி வேறு. வேடிக்கைக்காகக் கவண் கல்லால் அடிப்பது வேறு. வாயில்லாச் சீவன்களை வதைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

காகம் யாரிடம் பேசுகிறது?

குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும் என்று பள்ளியில் மரபுச் சொற்களைப் படித்தோம். ஆனால் காகம் ஒரே விதமாகக் கரைவதில்லை.

காலையில் கிளை விட்டுக் கிளை தாவி, விட்டுவிட்டுக் கரைவது, தான் இருக்கும் இடத்தைத் தன் கூட்டத்துக்கு அறிவிப்பது. சோற்றைக் கண்டால் குரல் அடுக்கடுக்காக விரைந்து வரும். சற்று நேரத்தில் நான்கைந்து காகங்கள் கூடிவிடும். பூனையோ ஆந்தையோ பருந்தோ தென்பட்டால் குரலில் கடுமை ஏறும். ஒன்று தொடங்கியதும் தெருக் காகங்கள் அனைத்தும் சேர்ந்து அதனை விரட்டும். அடுத்த முறை அத்தகைய கூச்சல் கேட்டால், காகங்கள் எந்தத் திசையை நோக்கிக் கத்துகின்றன என்று பாருங்கள். இலைகளுக்கு நடுவே பகலில் பதுங்கியிருக்கும் ஆந்தை ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டலாம்.

இணைகள் அருகருகே அமர்ந்து ஒன்றன் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும்போது கேட்கும் குரலை நம்மில் பலர் காகத்தின் குரலென்றே அறியமாட்டோம். தொண்டைக்குள் தண்ணீர் உருள்வது போன்ற மெல்லிய ஒலி அது. கூட்டை விட்டு வெளிவந்த குஞ்சுகள் இறக்கையை நடுக்கி, சிவந்த வாயைத் திறந்து, இரைக்காக விடாமல் அழும். மாலையில் கூட்டங்கூட்டமாக ஒரே திசையில் பறந்து சென்று, பெருமரங்களில் அடையும்போது எழும் இரைச்சலோ சந்தையையே நினைவூட்டும்.

ஜாக்டாவின் மொழியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ். அவர் தம் வீட்டுக் கூரையிலேயே ஜாக்டாக்களை வளர்த்து, அவற்றின் குரல்களைக் குறித்து வைத்தார். வெளியே பறந்து செல்ல அழைக்கும் குரல் ஒன்று. வீடு திரும்ப அழைக்கும் குரல் வேறொன்று என்று கண்டார். ஒருநாள் அவர் நீராடிவிட்டுத் திரும்பியபோது, ஈரமான கறுப்புக் காற்சட்டையைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான்! அவரே ஊட்டி வளர்த்த பறவைகள் கரகரவென ஒலியெழுப்பிக்கொண்டு அவர் கையைத் தாக்கின. கையில் கறுப்பாய்த் தொங்கியது அவற்றின் கண்ணுக்குப் பிடிபட்ட ஜாக்டாவாகத் தெரிந்தது. பறவைகள் அவர்மீது வன்மம் கொண்டதுமில்லை, அவருக்கு எதையும் முன்னறிவித்ததுமில்லை. தம் இனத்தைக் காக்க முற்பட்டன, அவ்வளவே. இவ்வாராய்ச்சிகளை அவர் எழுதிய நூலுக்கு ஆங்கிலத்தில் சூட்டப்பட்ட பெயர் "ஸாலமன் மன்னரின் மோதிரம்". பறவைகளின் மொழி அறிவிக்கப்பட்ட ஸுலைமான் (அலை) அவர்களின் பெயரே அங்கும் நினைவுகூரப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. லோரன்ஸ் 1973ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

ஒரே குரல், இரண்டு சகுனம்

இனி சகுனத்துக்கு வருவோம். காகம் வாசலில் கரைந்தால் விருந்தினர் வருவர் என்பது தமிழ் மண்ணின் தொன்மையான நம்பிக்கை. சங்கப் புலவர் ஒருவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர். தலைவனின் வருகையைக் காகம் முன்னுரைத்ததாகப் பாடியமையால் அப்பெயர் பெற்றார் என்பர். அந்த நம்பிக்கை இன்றும் நம் வீடுகளில் உலவுகிறது. கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். சுவரில் காகம் கரையும். "இன்றைக்குத் தம்பியிடமிருந்து ஃபோன் வரும் பாரேன்" என்று நன்னி சொல்வார். வந்துவிட்டால் காகம் சொன்னது பலித்தது என்பார்கள். வராத நாட்களை யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை.

அரபு நாட்டிலும் காகம் கரைந்தது. அறியாமைக் காலத்து அரபுகள் அதைக் கேட்டு என்ன எண்ணினார்கள் தெரியுமா? பிரிவு வரப்போகிறது என்று அஞ்சினார்கள்! "குராப்" என்ற சொல்லும், ஊரைப் பிரிந்து அந்நியராக வாழ்வதைக் குறிக்கும் "குர்பா" என்ற சொல்லும் ஒலியில் நெருங்கியவை. ஆகவே அதைப் "பிரிவின் காகம்" என்று பெயரிட்டே அழைத்தார்கள்.

சற்றே சிந்தியுங்கள். இங்கே காகம் கரைந்தால் பிரிந்தவர் வருவார். அங்கே காகம் கரைந்தால் இருப்பவர் பிரிவார். குரல் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். அப்படியானால் அந்தப் பொருள் காகத்தின் தொண்டையில் இருந்ததா, கேட்டவர் மனத்தில் இருந்ததா?

சகுனம் பார்ப்பதற்கு அரபு மொழியில் "தியரா" என்று பெயர். பறவையைக் குறிக்கும் "தைர்" என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. பயணம் புறப்படுவோர் பறவையைக் கிளப்பிவிட்டு, அது வலப்புறம் பறந்தால் நன்மை, இடப்புறம் பறந்தால் தீமை என்று முடிவு செய்த வழக்கத்திலிருந்து வந்த சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதனை அடியோடு மறுத்தார்கள். நம்முடைய தக்தீர் அல்லாஹ்வின் கையில் இருக்கிறதே அன்றி, பறவையின் இறக்கையில் இல்லை.

நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் முதல் கவளச் சோற்றைக் காகத்துக்கு வைப்பது முன்னோர் நினைவாக அவர்கள் போற்றும் வழக்கம். அதை ஏளனம் செய்வது நம் பண்பன்று. நாம் களைய வேண்டியது நம் வீட்டுக்குள் குடிகொண்டிருக்கும் அச்சத்தையே.

தலையில் தட்டிய காகம்

அந்த அச்சம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு வைகாசி மாதம். காலை மத்ரஸாவுக்கு வரும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் காகம் தட்டியது. மறுநாளும் தட்டியது. மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அவனுடைய தாயார்தான் வந்தார், கண் கலங்கியிருந்தது.

"ஹஜ்ரத், பிள்ளைக்கு ஏதோ ஆகப்போகிறது என்கிறார்கள். அவனுடைய அத்தா வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்குத்தான் ஆபத்து என்றும் ஒருவர் சொல்கிறார். கழிப்புக் கழிக்க மூவாயிரம் ரூபாய் ஆகுமாம்" என்றார்.

"பணம் கொடுத்துவிட்டீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. கைவளையலை அடகு வைக்கலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை மகனை அழைத்துக்கொண்டு அவரையும் வரச் சொன்னேன். பள்ளிவாசலின் எதிர்ப்புறத் திண்ணையில் மூவரும் அமர்ந்து, வாசலருகே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தோம். சிறிது நேரத்தில் அம்மரத்தடியே ஒரு பால்காரர் சென்றார். பின்புறமிருந்து பாய்ந்து வந்த காகம் அவர் தலையைத் தட்டிவிட்டுக் கிளையேறியது. அடுத்து வந்த இரு பிள்ளைகளுக்கும் அதே கதி. சாலையின் மறுபக்கம் சென்றவர்களை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

"உச்சிக் கிளையைப் பார்" என்று சிறுவனிடம் சொன்னேன். சுள்ளிகளும் துருப்பிடித்த கம்பித் துண்டுகளுமாக ஒரு கூடு. அதன் கீழே, பள்ளிவாசல் வேலியோரச் செடிக்குள், பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று சிவந்த வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது.

அந்தத் தாய் வெகு நேரம் அந்தக் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அதுவும் பிள்ளைக்காரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வளையல் கையிலேயே இருந்தது. சிறுவன் மறுநாளிலிருந்து ஓத வந்தான். குஞ்சு பறக்கும் வரை மரத்தடியை விடுத்து மறுபக்க வழியாகப் பிள்ளைகளை வரச் செய்தோம். அதன் பின் காகம் யாரையும் தட்டவில்லை.

சித்திரை, வைகாசி, ஆனி மாதங்கள் நம் பகுதியில் காகங்கள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். அக்காலத்தில்தான் "தலையில் தட்டிவிட்டது" என்ற புகார் மிகுதியாக எழும். பெரும்பாலும் பின்னிருந்தே தாக்கும் பறவை அது; ஆகவே குடை பிடித்துச் சென்றால் போதும், அல்லது சில வாரங்கள் வழியை மாற்றிக்கொண்டால் போதும். கீழே கிடக்கும் குஞ்சைக் கையால் எடுக்க முயலாதீர்கள். தாயும் தந்தையும் அருகிலேயே இருந்து இரையூட்டும். நாய், பூனையால் ஆபத்து என்று தோன்றினால் மட்டும், தலையை நன்கு மூடிக்கொண்டு, அருகிலுள்ள தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு விலகிவிடுங்கள்.

அயலார் பிள்ளை

பிறரைக் கண்டால் சீறும் இந்தக் காகத்தைத்தான் குயில் ஏமாற்றுகிறது. சிவந்த கண்ணுடைய கறுப்பு ஆண் குயில் கூட்டருகே வந்து கூவ, காகங்கள் அதை விரட்டிச் செல்லும். அந்த இடைவெளியில், வெண்புள்ளிகள் நிறைந்த பழுப்பு நிறப் பெண் குயில் தன் முட்டையைக் காகக் கூட்டில் இட்டுவிடும். காக முட்டை பொரிய ஏறத்தாழ 16, 17 நாட்கள் ஆகும். குயில் முட்டைக்கு 13, 14 நாட்களே போதும். முன்னதாகப் பொரிந்த குயில் குஞ்சைக் காகம் தன் குஞ்சாகவே எண்ணி ஊட்டும். கோடையில் குயிலோசை மிகுந்து கேட்கும்போதெல்லாம், அவ்வோசைக்குப் பின்னே காகத்தின் உழைப்பு இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

கடல் கடந்த காகம்

வளைகுடாவில் பணிபுரியும் நம் சகோதரர்கள் இந்தச் சாம்பல் கழுத்துக் காகத்தை அங்கும் கண்டிருப்பார்கள். கப்பல்களில் தொற்றிக்கொண்டும், மனிதர் கொண்டுபோய் விட்டதாலும் அது கடல் கடந்தது. குப்பையை அகற்ற உதவும் என்று 1890களில் சான்சிபார் தீவுக்கு இந்தியாவிலிருந்து கொண்டுசென்றார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், தோட்டப் பயிர்களை அழித்த புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து மலேயாவின் கிள்ளானுக்குக் கொண்டுசென்றார்கள். 1994இல் இரண்டு காகங்கள் ஹாலந்து நாட்டுத் துறைமுகம் ஒன்றில்கூட வந்து இறங்கின.

சென்ற இடங்களில் அது மட்டுமீறிப் பெருகி, அவ்வூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் சூறையாடியது. கென்யாவின் கடற்கரை நகரங்களில் தொல்லை தாங்காமல், பத்து லட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டத்தை அந்நாட்டு அரசு 2024இல் அறிவித்தது. தன் ஊரில் துப்புரவுப் பணி செய்யும் பறவை வேற்றூரில் வேதனை ஆனது. குற்றம் பறவையினுடையதா, கொண்டுபோய் விட்டவருடையதா? நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் எலி, பெருச்சாளியோடு காகத்தையும் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது.

அதே 2022இல்தான் நம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள குன்றுகளில் வாழும் அரிய வல்லூறுகளைக் காணத் தொலைதூரங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நல்லதே. ஆனால் பார்க்கும் பழக்கம் வல்லூற்றில் தொடங்க வேண்டுமென்பதில்லை. முற்றத்துக் காகத்திலேயே தொடங்கலாம்.

பிள்ளைகளின் வினாவுக்கு வழிவிடுங்கள்

மும்பையில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் 1896இல் பிறந்த சாலிம் அலி சிறுவயதில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்றல் இருப்பதைக் கண்டு, "இது என்ன பறவை?" என்று தம் மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கு விடை தெரியவில்லை. "போடா, வேலையைப் பார்" என்று விரட்டாமல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அச்சிறுவனுக்குப் பாடம் செய்யப்பட்ட பறவைகளைக் காட்டி விளக்கினார்கள். அந்த ஒரு வினா இந்தியாவின் தலைசிறந்த பறவை அறிஞரை உருவாக்கியது. 1941இல் வெளியான அவருடைய இந்தியப் பறவைகள் நூல் இன்றும் வழிகாட்டியாக விளங்குகிறது. வினவும் பிள்ளைக்கு வழிவிட்ட அந்த மாமாவும் பாராட்டுக்குரியவரே.

திருமறையில் அல்மாயிதா அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை நாமெல்லாரும் ஓதுகிறோம். உலகின் முதல் கொலை நிகழ்ந்துவிட்டது. சகோதரனின் உடலை என்ன செய்வதென்று அறியாமல் ஆதமின் மகன் திகைத்து நிற்கிறான். அவனுக்குக் கற்பிக்க அல்லாஹ் வானவரை அனுப்பவில்லை. ஒரு காகத்தை அனுப்பினான். அது நிலத்தைக் கீறிக் காட்டியது. மனித இனத்துக்கு நல்லடக்கம் செய்யக் கற்றுத்தந்த ஆசிரியர் ஒரு காகம்! அதைக் கண்ட பின்னரே, இக்காகத்தைப் போலக்கூட இருக்க இயலவில்லையே என்று அவன் வருந்தினான். அவன் கற்றது, காகத்தைப் பார்த்ததால்.

ஆகவே வரும் வெள்ளிக்கிழமை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அரைமணி நேரம் மாடியில் அமரட்டும். வரும் காகங்களில் சாம்பல் கழுத்து எத்தனை, முழுக் கறுப்பு எத்தனை என்று எண்ணட்டும். எத்தனை விதமாகக் கரைகிறது, அப்போது என்ன நடந்தது என்று இரண்டு பத்திகளில் எழுதட்டும். ஒரு துண்டு ரொட்டியை வீசினால், காகம் வயிறு நிறைந்த பின் மிச்சத்தைக் கூரை இடுக்கிலோ மண்ணிலோ செருகி, இலையால் மூடி வைப்பதையும் அவர்கள் காணக்கூடும். மறைத்து வைக்கும் அக்கலையைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வசனத்தின் பொருளையும் அப்போதே விளக்குங்கள்.

உங்கள் பிள்ளைகள் எழுதியதை ஆசிரியர் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். சிறந்தவற்றை இப்பகுதியில் வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.